டர்பன் வீட்டு அவனில் (oven) ஐரிஷ் சோடா ரொட்டி: ஏழு கல் சுட்டவன் எழுதும் வழிகாட்டி

நான் சுட்ட முதல் சோடா ரொட்டியைப் பக்கத்து வீட்டு ஆயா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, இது தின்னவா, கதவுக்கு முட்டுக் கொடுக்கவா?" என்றார். அவர் முகத்தில் கேலியே இல்லை, உண்மையாகவே கேட்டார். இங்கே பாட்டியை ஆயா என்கிறார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்குக் குடியேறிய மூன்றாவது மாதம் அது. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அயர்லாந்துக்காரர் கொண்டுவந்த ரொட்டியை ஒரு துண்டு தின்றுவிட்டுச் செய்முறை கேட்டேன். மாவு, சமையல் சோடா, உப்பு, மோர். ஈஸ்ட் கிடையாது, பொங்கக் காத்திருக்க வேண்டாம் என்றார். நாலே பொருள், இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று இறங்கினேன். வரிசையாக ஏழு ரொட்டி கெட்டது. எட்டாவதுதான் மனிதர் தின்னும்படி வந்தது.

அந்த ஏழும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டர்பன், பீனிக்ஸ், வெருலம் பக்கம் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குச் சின்ன மாற்றம் உண்டு, நடுவில் சொல்கிறேன்.

1. முதல் வேலை: அவனைப் பற்றி எழுதி வாங்குங்கள்

ரொட்டி சுடுவதற்கும் வாடகைக் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் முதல் மூன்று ரொட்டிகள் மேலே கருகி அடியில் வெளுத்துக் கிடந்ததற்குக் காரணம் நான் அல்ல. அவனைச் சூடாக்கும் அடிக் கம்பி செத்துப் போயிருந்தது. அதைச் சொன்னபோது, "நீங்கள் வரும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று பதில் வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை, கைக்காசு போட்டு மாற்றினேன்.

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடியேறும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, இருக்கும் பழுதுகளைப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும். அன்றைக்கே அவனைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மேல் கம்பி, அடிக் கம்பி இரண்டும் சிவக்கிறதா, கதவு இறுக மூடுகிறதா, திருகு குமிழில் எண்கள் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்த்து எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கம்பி உள்ளே மறைந்திருந்தால் ஒரு துண்டு ரொட்டியை வைத்து இரண்டு பக்கமும் வாடுகிறதா என்று பாருங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்ப வாங்கும் நாளில் உதவும்.

அப்புறம் அவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். குமிழ் 220 காட்டும்போது என் அவனுக்குள்ளே 190-தான் இருந்தது. தராசும் வேண்டும். டம்ளர் கணக்கு இட்லிக்குச் சரிப்படும், இதற்குச் சரிப்படாது.

2. கடையில் எந்த மாவு

நம் ஊர் பழக்கத்தில் "மைதா" என்று தேடினால் பெரிய கடைகளில் கிடைக்காது. இங்கே அதற்கு நெருக்கமானது கேக் மாவு. பெயரில்தான் கேக், ரொட்டி, பூரி, சமோசா எல்லாவற்றுக்கும் இங்கே அதைத்தான் எடுக்கிறார்கள். ஸ்னோஃப்ளேக், கோல்டன் கிளவுட், சாஸ்கோ எதுவானாலும் சரி.

பக்கத்திலேயே மூன்று பொறிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று, வெள்ளை பிரெட் மாவு. அதில் புரதம் அதிகம், ஈஸ்ட் ரொட்டிக்கு நல்லது, சோடா ரொட்டியை ரப்பராக்கிவிடும். இரண்டாவது, செல்ஃப் ரைசிங் மாவு. அதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கிறது. மேலே நீங்கள் சோடாவும் போட்டால் வாயில் சோப்பு ருசி வரும். மூன்றாவது மெய்சினா, இது நம் கான்ஃப்ளார். நான் ஒருமுறை அவசரத்தில் அதை எடுத்துவந்து, வீட்டில் பிரித்த பிறகுதான் கவனித்தேன். மீலி மீல் என்றால் மக்காச்சோள மாவு, அதுவும் இதற்கு இல்லை.

கேக் மாவோடு கொஞ்சம் பிரௌன் பிரெட் மாவும் வாங்குங்கள். தவிடு கலந்தது, வாசனை தருவது அதுதான். இந்தியக் கடையில் விற்கும் ஆட்டாவைப் போட்டும் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகிறது, ரொட்டி கனத்துவிடுகிறது. வேண்டாம்.

டர்பன் கோடையில் மாவில் வண்டு வைக்கச் சிறு திறப்புப் போதும். வாங்கியதும் பையோடு மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு காற்றுப்புகாத டப்பாவில் கொட்டுங்கள்.

3. மோருக்கு அமாசி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

அயர்லாந்துக்காரர் சொன்ன பட்டர்மில்க்கைத் தேடி நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கிடைத்தது, சின்னப் பெட்டி, விலை அதிகம். இதைக் கேட்டு ஆயா சிரித்துவிட்டார். "புளிச்ச பால்தானே? அதைத் தேடியா அலைஞ்சே?" என்று தன் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தது அமாசி. ஜூலு மக்கள் காலங்காலமாகக் குடித்துவரும் புளித்த பால், ஆஃப்ரிகான்ஸில் மாஸ் என்பார்கள். இந்தியக் குடும்பங்களில் சவர் மில்க். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அதில் கலப்பதற்கும் பல வீடுகளில் இதைத்தான் வாங்குகிறார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

அமாசி மோர் அல்ல, அதைவிடக் கெட்டி. கடைந்த தயிரைப் போல் ஊற்றினால் கொழகொழவென்று விழும். நேராக ஊற்றினால் மாவு ஈரமாகாமல் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் 300 மி.லி. அமாசிக்கு 80 மி.லி. தண்ணீர் விட்டு, கரண்டியால் நன்றாக அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்குங்கள், நீர் மேலே பிரிந்து நிற்கும்.

ஏன் இந்தப் புளிப்பு இவ்வளவு முக்கியம்? பாலில் இருக்கும் லாக்டிக் அமிலம் சோடாவோடு சேரும்போது கரியமில வாயு வருகிறது, அந்த வாயுதான் ரொட்டியைத் தூக்குகிறது. புளிப்புப் போதவில்லை என்றால் வாயுவும் போதாது, மிஞ்சிய சோடா நாக்கில் கசக்கும். வீட்டில் இன்று காலை தோய்ந்த தயிர் இதற்குப் போதாது. வெளியில் ஒரு இரவு வைத்துப் புளிக்க வைத்த தயிராக இருந்தால் சரி. எதுவும் இல்லாத நாளில், ஒரு கப் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு ஐந்து நிமிடம் வைத்தால் சமாளிக்கலாம். ரொட்டி வரும், ருசி ஒரு படி குறைவுதான்.

4. என் அளவு

அயர்லாந்துக்காரர் வீட்டில் சீரகமும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. அவர்கள் ஊரில் நாலு பொருளோடு நிற்பதுதான் சோடா ரொட்டி. உலர்திராட்சை போட்டால் அது விசேஷம், அதற்குத் தனிப் பெயரே உண்டு. கீழே இருப்பது என் கைப்பக்குவத்துக்கு மாறியது. அதை ஐரிஷ் என்று சொல்லி அவரிடம் நீட்ட மாட்டேன். ஒரு துண்டு கொடுத்தேன், தின்றார், அடுத்த வாரம் எப்போது என்று கேட்டார்.

கேக் மாவு 350 கிராம், பிரௌன் பிரெட் மாவு 100 கிராம். பைகார்ப், அதாவது நம் ஆப்ப சோடா, 5 மி.லி. அளவுக் கரண்டியில் தலைதட்டி ஒன்று. உப்பு அதே கரண்டியில் ஒன்று. சீரகம் ஒன்றரைக் கரண்டி, வெறும் சட்டியில் வறுத்து, பாதி உடைந்தும் உடையாமலும் நசுக்கியது. கறிவேப்பிலை இருபது இலை, ஒரு பச்சை மிளகாய். வெண்ணெய் 15 கிராம். அமாசி 300 மி.லி., தண்ணீர் 80 மி.லி.

வெண்ணெயை உருக்கி, கிள்ளிய கறிவேப்பிலையையும் பொடியாக நறுக்கிய மிளகாயையும் அதில் மொறுமொறுவென்று வதக்கி ஆறவிடுங்கள். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஊர் இது இல்லை. நம்மவர் வீட்டுக் கொல்லையில் மரம் நிற்கும், பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு கொத்துக்குப் பதில் ஒரு கிளையை ஒடித்துத் தருவார்கள்.

சேர்க்கக் கூடாதவை, என் செலவில் கற்றது: மஞ்சள்தூள் போடாதீர்கள். சோடா பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவப்பாகிவிடும். அறுத்துப் பார்த்தால் ரொட்டிக்குள் குங்குமம் சிந்தியதுபோல் இருந்தது. இங்கே எல்லா ஆரோக்கிய ரொட்டியிலும் சூரியகாந்தி விதை தூவுகிறார்களே என்று அதையும் போட்டேன். மறுநாள் விதையைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தது. பூசணம் என்று முழு ரொட்டியையும் குப்பையில் போட்டேன். அது பூசணம் இல்லை, அந்த விதையில் இருக்கும் ஒரு அமிலம் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாகும், தின்னலாம் என்று பிறகுதான் தெரிந்தது. பச்சை வெங்காயம் தண்ணீர் விட்டு நடுப்பாகத்தைக் களியாக்கும். வேண்டுமென்றால் பொன்னிறமாக வதக்கி, முழுக்க ஆறவைத்துப் போடுங்கள்.

5. சோடாவைச் சோதித்துச் சலியுங்கள்

கடையில் பைகார்பனேட் ஆஃப் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒரே வரிசையில், ஒரே அளவு டப்பாவில் இருக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலமும் மாவும் கலந்திருக்கும், அது வேறு. டப்பாவைத் திருப்பி, உள்ளே பைகார்பனேட் மட்டும் இருக்கிறதா என்று படியுங்கள்.

பழைய டப்பா என்றால் ஒரு சிட்டிகையை வினிகரில் போடுங்கள். சீறிப் பொங்க வேண்டும், சோம்பேறித்தனமாக நாலு குமிழி விட்டால் புதிது வாங்குங்கள். டர்பன் ஈரக்காற்றில் சோடா கட்டிதட்டும். ஒரு சின்னக் கட்டி தப்பினாலும் ரொட்டியில் அந்த இடம் பழுப்புப் புள்ளியாக, கடித்தால் கசப்பாக இருக்கும். அதனால் மாவு, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். சல்லடையில் தங்கும் தவிட்டைத் திரும்ப மாவிலேயே கொட்டிவிடுங்கள்.

"கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் உப்பும்" என்ற எண்ணம் வரும். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு: லெனேசியா, அந்தப் பக்கமெல்லாம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் வாயு வேகமாக விரியும், ரொட்டி பொங்கி நடுவில் அமுங்கும். சோடாவைக் கால் பங்கு குறையுங்கள், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கூட்டுங்கள்.

6. பிசையாதீர்கள்

என் ஏழு கல்லில் மூன்றுக்கு இதுதான் காரணம். நம் கைக்கு மாவு என்றால் சப்பாத்தி மாவு, இல்லாவிட்டால் பரோட்டா மாவு. ஈரம் பட்டதும் கை தானாக அழுத்தும், மடிக்கும், தேய்க்கும். சின்ன வயதில் "நல்லா பிசைடா, அப்பத்தான் மெதுவா வரும்" என்று அம்மா சொன்னது விரலில் ஏறியிருக்கிறது. சோடா ரொட்டிக்கு நேர் எதிர். பிசையப் பிசைய மாவில் இழுவை ஏறும், அது வாயுவை விரியவிடாது. அதோடு, ஈரம் பட்ட நிமிடமே சோடா வேலையைத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பிசைந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் வாயு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அவனை 220 டிகிரி செல்சியஸில் போட்டு இருபது நிமிடம் காய விடுங்கள். விசிறி ஓடும் அவன் என்றால் 200. தட்டில் மாவு தூவித் தயாராக வையுங்கள். கத்தியை எடுத்து வையுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள், நான் ஒரு ரொட்டியை ஊர் அழைப்புக்குப் பலிகொடுத்தேன்.

இப்போது அகலப் பாத்திரத்தில் சலித்த மாவோடு சீரகம், ஆறிய கறிவேப்பிலை வெண்ணெய் எல்லாம் கலந்து நடுவில் குழி பறித்து, அமாசிக் கலவையில் முக்கால்வாசியை ஊற்றுங்கள். ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். விரல்களை விரித்து நண்டுக்கால் மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்போடு ஒட்டி வட்டமாகச் சுற்றுங்கள். உள்ளங்கை மாவில் படக்கூடாது. ஏழெட்டுச் சுற்றில் உலர்ந்த மாவு மறைய வேண்டும். எங்காவது மாவு உலர்ந்து நின்றால் மிச்சத்தை அங்கே மட்டும் விடுங்கள். இங்கே கோடையான டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை எனக்கு எப்போதும் இரண்டு மூன்று கரண்டி மிஞ்சும், காற்றில் இருக்கும் ஈரத்தை மாவு ஏற்கெனவே குடித்திருக்கும். ஜூன், ஜூலையில் முழுவதும் தேவைப்படும்.

வரவேண்டிய பதம் இட்லி மாவும் இல்லை, சப்பாத்தி மாவும் இல்லை. மெதுவடை மாவை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் எப்படியோ அப்படி. கையில் ஒட்டும், மேலே கரடுமுரடாக இருக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கத்தை அழகாக்கப் போகாதீர்கள். மாவு தூவிய மேடையில் கொட்டி, ஓரத்தை உள்ளே தள்ளி ஒரு தடவை புரட்டி, 18 செ.மீ. அகலம், நாலு விரல் உயரத்தில் வட்டமாகத் தட்டுங்கள். கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஒரு கூட்டல் குறி கீறுங்கள். மேலோட்டமாகக் கீறினால் பயனில்லை, பாதி ஆழத்துக்கு இறங்க வேண்டும். அந்த வழியாகத்தான் வெப்பம் நடுவுக்குப் போகும்.

அமாசி ஊற்றியதிலிருந்து அவன் கதவு மூடும் வரை மூன்று நிமிடம். எனக்கு இப்போது இரண்டரை ஆகிறது.

7. சுடுவது

220-ல் பதினைந்து நிமிடம், பிறகு 200-க்குக் குறைத்து இன்னும் இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள்.

வெந்ததா என்று ஆயா பார்க்கும் முறைதான் எனக்கு இன்றுவரை அளவுகோல். துணியால் பிடித்து ரொட்டியைக் கவிழ்த்து, காதருகே கொண்டுபோய் விரல் முட்டியால் அடியில் தட்டுவார். தேங்காய்க் கடையில் தட்டிப் பார்ப்போமே, அதே முகம், அதே தலைசாய்ப்பு. வெறுமையான "டொக்" என்றால் வெந்துவிட்டது. "தொப்" என்றால் உள்ளே ஈரம், இன்னும் ஐந்து நிமிடம் கவிழ்த்தபடியே உள்ளே வையுங்கள். இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பாருங்கள், 95 டிகிரியை ஒட்டி வர வேண்டும்.

வீட்டில் பாய்க்கி இரும்புச் சட்டி இருந்தால், அடி தட்டையான வகையாக இருந்தால், அதை அவனோடு சேர்த்துக் காயவைத்து அதற்குள் மூடிபோட்டுச் சுடலாம். மேல்தோல் அருமையாக வரும். மூன்று கால் வைத்த சட்டி அவன் கம்பியில் நிற்காது, ஆடி விழும்.

8. பாதியில் மின்சாரம் போனால்

ஐந்தாவது ரொட்டி உள்ளே போன பன்னிரண்டாவது நிமிடம் தெருவே இருண்டது. கதவைத் திறக்காமல் இருக்கிற சூட்டிலேயே வேகட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது மேலே ரொட்டி, உள்ளே களி. ஈஸ்ட் மாவை நிறுத்தி வைக்கலாம், சோடா மாவு காத்திருக்காது.

2022, 2023-இல் இருந்த அளவுக்கு லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, இப்போது இல்லை. ஆனாலும் ஏரியாவில் பழுது, கேபிள் திருட்டு என்று போவது உண்டு. அமாசியை ஊற்றும் முன் உங்கள் பகுதிக்கு அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ப்ரீபெய்ட் மீட்டர் என்றால் யூனிட் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த அவமானத்தையும் பட்டிருக்கிறேன்.

மாவு கலந்த பிறகு மின்சாரம் போனாலோ, வீட்டில் அவனே இல்லையென்றாலோ, தோசைக்கல் இருக்கிறது. வட அயர்லாந்தில் இதே மாவைத் தட்டையாகத் தட்டி நாலாக வெட்டி, இரும்புக் கல்லில் சுடுவார்கள், ஃபார்ல் என்று பெயர். இரண்டு விரல் தடிமன் வேண்டாம், ஒன்றரை செ.மீ. போதும். கல்லில் எண்ணெய் வேண்டாம், மாவு தூவினால் போதும். கேஸைச் சிம்மில் வைத்து ஒரு பக்கம் எட்டு நிமிடம், மறுபக்கம் எட்டு நிமிடம், கடைசியில் வெட்டிய ஓரங்களை நிறுத்திவைத்து ஒரு நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அவசரத்துக்குக் கண்டுபிடித்தது, இப்போது ஞாயிறு காலையில் வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறேன்.

9. ஆறவிடுவது, வைத்துக்கொள்வது

சூட்டோடு அறுக்கக் கூடாது. கம்பித் தட்டில் நாற்பது நிமிடமாவது ஆற வேண்டும், இல்லாவிட்டால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டி, வேகவில்லையோ என்று நீங்களே பயந்துவிடுவீர்கள். தோல் மெதுவாக வேண்டுமென்றால் துணியில் சுற்றி ஆறவிடுங்கள்.

சுட்ட அன்றைக்குத்தான் அதற்கு உயிர். மறுநாள் டோஸ்ட் போட்டால் நன்றாக இருக்கும். டர்பன் கோடையில் மூன்றாம் நாள் பூசணம் நிச்சயம், இது நிஜப் பூசணம். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மிஞ்சிய காய்ந்த துண்டுகளை உதிர்த்து, கடுகு தாளித்து உப்புமா கிண்டலாம். சீரகமும் மிளகாயும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

10. செலவும் நேரமும்

நான் கணக்குப் பார்த்த வாரத்தில் கேக் மாவு 2.5 கிலோ சுமார் 48 ராண்ட், அமாசி லிட்டர் சுமார் 25 ராண்ட். ஒரு ரொட்டிக்கு இரண்டு மாவும் சேர்த்து எட்டு, ஒன்பது ராண்ட். அமாசி ஏழரை. வெண்ணெய், சோடா, உப்பு, சீரகம் நாலு. சுடும் முன்னும் பின்னும் மீட்டரைக் குறித்து வைத்தேன், ஒன்றரை யூனிட் ஓடியிருந்தது, அது ஐந்து ராண்ட் பக்கம். ஆக 25 ராண்ட். கடை ரொட்டி இதைவிட மலிவு. காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்காதீர்கள்.

பில்லில் ஒன்று கவனியுங்கள். இங்கே வாட் 15 சதவீதம், ஆனால் சில அடிப்படை உணவுகளுக்கு வரி பூஜ்யம். 2019 ஏப்ரல் முதல் கேக் மாவும் வெள்ளை பிரெட் மாவும் அந்தப் பட்டியலில் உண்டு, அமாசி போன்ற புளித்த பாலும் உண்டு. வெண்ணெய்க்கும் சோடாவுக்கும் வரி உண்டு.

நேரம்: அவன் காய இருபது நிமிடம், அதற்குள் அளந்து சலித்துவிடலாம். கலக்க மூன்று, சுட நாற்பத்தைந்து, ஆற நாற்பது. ஏழு மணிச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். உங்கள் கை வேலை மொத்தம் கால் மணி நேரம்.

11. விற்கும் எண்ணம் வந்தால்

நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றதும் எனக்கும் வந்தது. கோயில் விழாவுக்கு வெளியே ஒரு மேசை போட்டால் என்ன என்று. மேசை போடும் முன் இரண்டு காகிதம்.

முதலாவது, உங்கள் விசா. அதில் அச்சடித்திருக்கும் நிபந்தனை வரியைப் படியுங்கள். குடும்பத்தோடு வந்திருக்கும் பலருடைய விசாவில் வேலையோ தொழிலோ செய்யக்கூடாது என்றிருக்கும். வேலை விசா வைத்திருப்பவர்களுக்கும் குறிப்பிட்ட வேலைக்குத்தான் அனுமதி. சின்ன வியாபாரம்தானே என்று நினைத்து விசாவைச் சிக்கலில் விடாதீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அனுமதி உள்ளவர்களுக்கு இரண்டாவது காகிதம், சமையல் இடத்துக்கான ஏற்புச் சான்றிதழ். 2018 ஜூனில் வந்த ஆர்.638 என்ற விதிமுறைப்படி, விற்பனைக்கு உணவு தயாரிக்கும் இடத்துக்கு அது வேண்டும், வீட்டுச் சமையலறையும் இதில் அடங்கும். நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பித்தால் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். கை கழுவத் தனி இடம், கழிவுநீர், பூச்சித் தடுப்பு, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் கேட்பார்கள். சான்றிதழ் அந்த இடத்துக்கும் அந்தப் பொறுப்பாளருக்கும் மட்டும்தான், வீடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

12. எதோடு சாப்பிடுவது

சூடான பருப்பு. சுகர் பீன்ஸ் குழம்பு. எல்லாவற்றையும்விட டின் மீன் குழம்பு: தக்காளிச் சாற்றில் வரும் பில்ச்சர்ட் டின்னை உடைத்து, வெங்காயம் தாளித்து, ஆயா வைப்பதுபோல் கொஞ்சம் புளி சேர்த்து. ரொட்டியில் உள்ள சீரகம் அதோடு நன்றாகப் போகும்.

ரொட்டியின் நடுவைத் தோண்டிக் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடான பன்னி சௌ மட்டும் இதில் முயலாதீர்கள். முயன்றேன். ஈஸ்ட் ரொட்டிக்கு இருக்கும் இழுவை இதற்கு இல்லை, நடுவைத் தோண்டிக் குழம்பை ஊற்றினதும் ஒரு பக்கச் சுவர் சரிந்து ஆட்டுக்கறி மடிக்கு வந்துவிட்டது. அதற்குக் கடை வெள்ளை ரொட்டிதான்.